துப்பாக்கி செய்ற ஊர் திருச்சி. ரேஞ்சுல மட்டும் ஏன் ஜெர்மன் ரைஃபிள்?

2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்காக அஜித் திருச்சிக்கு வந்தப்போ கூடிய கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். எல்லாரும் அஜித்தைப் பார்த்தார்கள். போட்டியில் இருந்த துப்பாக்கிகள் எங்கே செய்தவை என்று யார் கேட்டிருப்பார்கள்?

கேட்க வேண்டிய ஊர் இதுதான். ஊர்க்காரர்கள் 'துப்பாக்கி ஃபேக்டரி' என்று சொல்லும் திருச்சி படைக்கலன் தொழிற்சாலை 1966-ல் தொடங்கியது. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என ஊர் பெயரிலேயே ஒரு துப்பாக்கி இங்கிருந்து போகிறது.

ரைஃபிளில் கஷ்டமான வேலை பேரல்தான். நீளமான எஃகுத் தண்டில் நேர்கோடு பிசகாமல் துளை போடணும். உள்ளே சுழல் வரிகள் வேணும். குண்டு சுழன்றபடி போனால்தான் திசை மாறாது. அப்புறம் லேத்தில் ஏற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைத் துளையின் மையத்தோடு ஒட்டிக் கடைவார்கள். இங்கே பேச்சே மைக்ரானில்தான். மெஷின் எவ்வளவு புதுசா இருந்தாலும், டயல் கேஜ் முள் அசைவதைக் கவனிக்க ஒரு நல்ல டர்னர் நிற்கணும்.

இந்த நுணுக்கம் எதற்கு? ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் தூரம் அதைவிடக் குறைவு. ஆனால் அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையம் வெறும் 10.4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சட்டை பட்டன். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்த வளையத்தைச் சுட்டுத்தான்.

இப்படிப்பட்ட போட்டிகளில் அதிகம் கண்ணில் படும் பெயர்கள் ஆன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ். மூன்றுமே ஜெர்மனி. இறக்குமதிச் செலவைத் தாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குத் திறமை இருந்தும் பாதி வழியிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அதற்காகத் தெருமுனை லேத் பட்டறையில் பேரல் கடையலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி தயாரிப்புக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். அந்தக் கடுமை சரிதான்.

அப்படியென்றால் வழி ஃபேக்டரி கேட்டுக்குள்தான். 2021 அக்டோபர் 1-ல் 41 படைக்கலன் தொழிற்சாலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, திருச்சி ஃபேக்டரி கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போனது. இனி ராணுவ ஆர்டரை மட்டும் நம்பி இருக்காமல் சந்தையைத் தேடணும் என்பதும் அந்த மாற்றத்தின் நோக்கம். லைசென்ஸ் உள்ள விளையாட்டு வீரர்களும் ரைஃபிள் கிளப்களும் சின்னச் சந்தைதான், லாபம் பெரிசா வராது. ஆனாலும் .22 பேரல் ஒன்றில் தொடங்கி, உள்ளூர் ரேஞ்சிலேயே சுட்டுப் பார்த்து, ஜெர்மன் பேரலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கலாமே.