வேலையோடு எம்பிஏ: கோவில்பட்டியில் யாருக்குப் பயன், எங்கே சிக்கல்?

'வேலையை விட வேண்டாம், கல்லூரிக்குப் போக வேண்டாம், இரண்டே வருடத்தில் எம்பிஏ' என்ற விளம்பரம் சென்னை, கோவைக்காரர்களை மட்டும் துரத்திய காலம் முடிந்துவிட்டது. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கைபேசி வைத்திருக்கும் பட்டதாரிகளுக்கும் இப்போது அது வருகிறது. ஒருமுறை தொட்டுவிட்டால் போதும். மறுநாள் காலையிலேயே "சார், கவுன்சலர் பேசுறேன், நாளைக்குத்தான் கடைசி நாள்" என்று அழைப்பு வந்துவிடும். அடுத்த வாரம் பேசினாலும் கடைசி நாள் அதே நாளைதான்.

இங்கே அந்த அழைப்பை எடுப்பவர்கள் யார்? தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதுபவர், நூற்பாலை ஷிப்டு சூப்பர்வைசர், நிதி நிறுவனத்துக்காகத் தவணை வசூலிக்க பைக்கில் சுற்றுபவர், தனியார் மருத்துவமனை செவிலியர், தனியார் பள்ளி ஆசிரியை, அப்பாவின் கடலைமிட்டாய் கம்பெனியைக் கவனித்துக்கொள்ளும் பி.காம். பட்டதாரி. "வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷம் படிக்கப் போனா, வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?" என்று கேட்கும் நிலையில்தான் பெரும்பாலானோர் இருக்கிறார்கள். முழுநேரக் கல்லூரி இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. திருநெல்வேலிக்குச் சுமார் 55 கிலோமீட்டர், மதுரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் என்பதால் மாலை நேர வகுப்புக்கு ஓடுவதும் நடக்கிற காரியமல்ல. மிச்சமிருப்பது தொலைதூரக் கல்வி, இல்லாவிட்டால் இணையவழிப் படிப்பு.

வேலையோடு எம்பிஏ என்பது புதுச் சரக்கு அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ல் எம்பிஏ-வைத் தொடங்கியது. பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே தனி எம்பிஏ-வை சிகாகோ பல்கலைக்கழகம் 1943-ல் ஆரம்பித்தது. திருச்சி ஐஐஎம்-மும் பணியில் இருப்பவர்களுக்காகச் சென்னையில் வகுப்பு நடத்திவருகிறது. ஆனால், அங்கெல்லாம் சேருபவர் ஏற்கெனவே மேலாளர் நாற்காலியில் இருப்பவர். கட்டணத்தில் நிறுவனமே பங்கு போடுவதும் உண்டு. கரிசல் பக்கத்தில் நிலைமை வேறு. முதல் தவணைக்கே வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது. பட்டம் செல்லாமல் போனாலும் சரி, பதவி உயர்வு வராமல் போனாலும் சரி, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, இந்தப் படிப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

பேரு போதாது, வருஷம் முக்கியம்

"பேருபெத்த யுனிவர்சிட்டிதானே, அப்புறம் என்ன பயம்?" என்பது பலரும் சொல்வது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமே உதாரணம். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்துகிறது. தென்மாவட்டங்களில் அதில் படித்தவர் ஒருவராவது இல்லாத தெருவைத் தேட வேண்டும். 2013-ல் தமிழக அரசே அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது, அதன் பிறகு அனுமதி பெறாமல் நடந்த சேர்க்கை செல்லாது என்றது அந்த அறிவிப்பு.

இது போலிப் பல்கலைக்கழகக் கதை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நேரடி வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. சிக்கல், தொலைதூரப் படிப்புக்கான அனுமதியைச் சுற்றியது. ஆனால், ஏழெட்டு வருடங்களுக்கு முன் பணம் கட்டி, தேர்வு எழுதி, பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் என்ன ஆறுதல் தரும்?

யுஜிசி-யின் தொலைதூரக் கல்வி விதிகளின்படி அனுமதி, பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்த முறையில், எந்தப் பருவச் சேர்க்கைக்கு என்று தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.காம்.-க்கு அனுமதி இருக்கலாம், எம்பிஏ-வுக்கு இல்லாமல் போகலாம். போன வருடம் அண்ணன் படித்தார் என்பது இந்த வருடம் தம்பி சேருவதற்கு உத்தரவாதம் ஆகாது. சேரும் பருவத்துக்கான பட்டியலில் எம்பிஏ என்ற பெயர் தனியாக இருக்கிறதா என்று யுஜிசி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்க முடியும். பத்து நிமிட வேலை.

2024 சேர்க்கையிலிருந்து இன்னொரு பிடிமானமும் வந்திருக்கிறது. தொலைதூர, இணையவழிப் படிப்பில் சேரும் மாணவர், யுஜிசி தளத்தில் தானே பதிவுசெய்து டெப்-ஐடி என்ற எண்ணைப் பெற வேண்டும். "அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தொலைதூரப் படிப்பு மையங்களை வெளியாருக்குக் கிளைக்கடை மாதிரிக் குத்தகைக்கு விடவும் விதிகளில் இடமில்லை. ஸெராக்ஸ் கடை மாடியில் தொங்கும் பலகையை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 'பத்து நாளில் எம்பிஏ' என்று கூவியவர்களைப் பற்றி 2024 ஏப்ரலில் யுஜிசி-யே எச்சரிக்க வேண்டியதாயிற்று. பத்து நாளில் கடலைமிட்டாய் பாகு பதமே கைக்கு வராது.

தபால் பட்டம் மட்டமா?

சட்டப்படி மட்டமில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைதூரம் அல்லது இணையவழியில் பெற்ற பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவாகவே அறிவித்தது. ஆகவே 'கரஸ்ல படிச்சது' என்று இளக்காரமாகப் பேசுபவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஆனால், சட்டம் தரும் சமத்துவம் ஒன்று, சம்பளம் தருபவரின் கணக்கு வேறொன்று.

இங்கேதான் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கி ஊழியர் என்றால் எம்பிஏ-வுக்கு முன்னால் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். செலவு குறைவு, ஊதிய உயர்வு கையில் கிடைக்கும். அரசு ஊழியர், ஆசிரியர் விஷயத்தில் பழைய கணக்கு இனி உதவாது. உயர்கல்வி முடித்தால் மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பிறகு 2021-ல் அறிவிக்கப்பட்டது ஒரே தடவை தரப்படும் தொகைதான், அதுவும் படிப்புக்கும் பதவிக்கும் பொருத்தம் இருந்தால். 'முதலாளி கேக்குறார்னு' படிக்கும் தனியார் ஊழியர், பட்டம் வந்தால் என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்பதை முதலாளியிடமே முதலில் கேட்டுவிடுவது நல்லது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுப் பணத்தை இழந்தவர்கள் இந்த ஊரில் குறைவாக இருக்க மாட்டார்கள்.

வெளியூர் நிறுவனத்துக்கு மாற நினைப்பவருக்குப் பட்டம் கதவைத் திறக்க உதவும். விண்ணப்பத்தில் முதல் சல்லடையில் விழாமல் காப்பாற்றும். அதற்கு மேல் பேசப்போவது அனுபவம்தான். செவிலியர் நிர்வாகப் பொறுப்புக்கு வர, மருத்துவமனை மேலாண்மையைப் பாடமாகக் கொண்ட எம்பிஏ பொருந்தும்.

தீப்பெட்டிக்குள் இருக்கும் பாடம்

உண்மையில் இந்தப் படிப்பு அதிகம் உதவக்கூடியது, சொந்தமாகச் சிறுதொழில் நடத்தும் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குத்தான். பட்டத்துக்காக அல்ல, பாடத்துக்காக.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2007 முதல் 2021 நவம்பர் வரை அதன் விலை ஒரு ரூபாய். 14 வருடம்! இடையில் மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை, கூலி எல்லாம் ஏறின. 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய் ஆனது. காரணம் எளிது: ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் வாங்க, கொடுக்க வசதியான நாணயம் இல்லை. விலையை நூறு சதவீதம் உயர்த்தினால் வாடிக்கையாளர் என்ன செய்வார், குச்சிகளைக் கூட்டிச் சமாளிக்கலாமா, அத்தனை உற்பத்தியாளர்களும் ஒரே நாளில் சேர்ந்து வருவார்களா? எம்பிஏ-வில் விலை நிர்ணயம் என்று ஒரு பாடம் முழுக்க இதைத்தான் பேசுகிறது, வெளிநாட்டுக் குளிர்பான கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொண்டு.

வரி இன்னொரு பாடம். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று இருந்த ஜிஎஸ்டி, 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதமானது. இயந்திரம் வாங்குவதா, கைவேலையைத் தொடர்வதா என்ற முடிவின் அடித்தளமே அன்று மாறிவிட்டது. 600 பெட்டி கொண்ட பண்டல்களை வடமாநிலத்துக்குக் கடனில் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் உரிமையாளருக்கு நடைமுறை மூலதனம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் என்ன விலை என்று தாளில் போட்டுப் பார்க்கும் பழக்கம் எத்தனை ஆலைகளில் இருக்கிறது? மலிவான லைட்டர் போட்டிக்கு வந்தபோது தொழில்துறை அரசிடம் முறையிட்டது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. தடை ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் என்ன செய்வது என்பது மேலாண்மைக் கேள்வி.

கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையை வைத்து எப்படிக் கூடுதல் விலை பெறுவது, போலியை எப்படித் தடுப்பது என்பதில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் விளையும் மானாவாரி நிலத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இதே தேவை உண்டு. 10,000 நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசின் 2020-ம் ஆண்டுத் திட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வருட நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை தருகிறது. முதன்மைச் செயல் அலுவலர் சம்பளமும் அதில் அடக்கம். நான்காவது வருடம் அந்தச் சம்பளத்தை நிறுவனமே சம்பாதிக்க வேண்டும். அங்கே தேவைப்படுவது, கரிசல் மழையும் தெரிந்து இருப்புநிலைக் குறிப்பும் படிக்கத் தெரிந்த ஆள்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று சிவகாசிக்குத் திரும்பியபோது அவர்கள் கையில் சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. பட்டம் இல்லாமலே தொழில் வளர்ந்த பூமிதான் இது. ஆனால், அன்றைக்குச் சந்தையே ஆசிரியராக இருந்தது. இன்று ஜிஎஸ்டி, இணைய விற்பனை, வங்கிக் கடன் மதிப்பீடு எல்லாம் எழுத்தில், கணக்கில் நடக்கின்றன.

யார் மாற வேண்டும்?

நேரம் ஒரு பெரிய தடை. இக்னோவில் வருடத்துக்கு இரண்டு தேர்வுப் பருவம், ஜூனும் டிசம்பரும். இரண்டு வருட எம்பிஏ-வை நான்கு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். ஷிப்டில் இருப்பவர் அந்தச் சலுகையைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. 30 சதவீத மதிப்பெண் ஒப்படைப்புகளுக்கு உண்டு. அதைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் பழக்கம்தான் தொலைதூரக் கல்வியின் மானத்தை வாங்குகிறது. சொந்த ஆலையின் கணக்கையே எடுத்து ஒப்படைப்பாக எழுதினால் படித்த மாதிரியும் ஆகும், தொழிலுக்கும் ஆகும்.

இதில் பாதிப் பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. தூத்துக்குடி மாவட்டம் 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. 1966 முதல் ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரியும் 1984 முதல் நேஷனல் பொறியியல் கல்லூரியும் கோவில்பட்டியிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைகளுக்குப் பஞ்சமில்லை. நேர்முக வகுப்புகளை இங்கே நடத்தினால், வீட்டு வேலையும் முடித்துவிட்டு வெளியூர் போய்வர முடியாத பெண்களுக்கு அதுவே பாதிப் படிப்பு. பாடத்தில் தீப்பெட்டி, நூற்பாலை, உளுந்துச் சந்தை பற்றி நாலு உதாரணம் சேர்க்க தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, சேருபவர் செய்யக்கூடியது சில உண்டு. அனுமதிப் பட்டியலைத் தானே திறந்து பார்க்கலாம். டெப்-ஐடியைத் தன் கைபேசி எண்ணிலேயே எடுக்கலாம். பாடப் புத்தகத்தின் ஒரு பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் புரட்டலாம். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும் செலுத்தி, பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ரசீது வாங்கலாம். கவுன்சலரின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.