மூக்கடைப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? பில்லில் ‘ஓ.பி.’னு இருந்தா சிக்கல்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தா ஊரே கொண்டாடும். தீராத மூக்கடைப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும் அந்த ஈரக்காத்து பட்டாலே ராத்திரித் தூக்கம் போச்சு. மாத்திரை, ஸ்ப்ரே எதுவும் கேட்காதபோது, மூக்கினுள் வீங்கியிருக்கும் ‘டர்பினேட்’ சதையைச் சுருக்கும் சிறு ஆபரேஷனை டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

பிரச்னையே அங்கதான். மெடிக்கல் பாலிசி என்றாலே 24 மணி நேரம் அட்மிட் ஆகணும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. மருத்துவமனையில் மயக்க மருந்தோ, மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்தாலும், ‘டே கேர்’ என்ற வகையில் வரும். அதையே டாக்டரின் கிளினிக்கில் செய்துகொண்டால் ‘ஓ.பி.’ சிகிச்சை ஆகிவிடும். சாதாரண பாலிசிகளில் அதற்குப் பணம் வராது. தென்காசியில் செய்தாலும் திருநெல்வேலி போனாலும் விதி இதுதான். ஆகவே தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பாலிசி எடுத்து எத்தனை மாசம் ஆச்சு?

ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், புற்றுநோய் அல்லாத காது, மூக்கு, தொண்டை பிரச்னைகளுக்கு 24 மாத காத்திருப்பு உண்டு. அதன்பிறகும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். அருவிக்கரையில் வழுக்கி விழுந்து மூக்கு உடைந்தால் கதை வேறு. விபத்துக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

இன்னொரு வலை, கேஸ் ஷீட். “பத்து வருஷமா மூக்கடைப்பு” என்று டாக்டரிடம் போகிற போக்கில் சொன்னதும் அதில் பதிவாகும். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் இதற்குச் சிகிச்சை பெற்றிருந்து, அதை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால், கம்பெனி கிடுக்கிப்பிடி போடும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்துவிட்டது. உண்மையைச் சொல்லிக் காத்திருப்பதே லாபம். மூக்கின் அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கோ ஒரு பைசா வராது. அதனால், மூச்சுவிட முடியாததால்தான் இந்தச் சிகிச்சை என்பது டாக்டரின் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று காரணம் காட்ட வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தனியார் பாலிசி இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். கட்டணமில்லா எண்: 1800 425 3993.