பலிகடாவாகும் மாஸ்ஃபெட்

மாறா மின்னோட்டச் சுற்று தடுமாறினால் நம் ஆய்வகங்களில் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றே: "மாஸ்ஃபெட் போய்விட்டது." மைசூரில் அண்மையில் ஒரே சுற்றுக்கு நான்கு ஐஆர்எஃப் 540கள் பலியாயின, ஐந்தாவதும் அவ்வாறே தடுமாறிற்று. அலைவுகாட்டியை இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மல்டிமீட்டர் காட்டிய சராசரியே வேதவாக்கு.

அந்த மாஸ்ஃபெட்டின் உள்ளீட்டு மின்தேக்கம் ஏறத்தாழ 2 நானோஃபாரட் என்று தரவுத்தாளே சொல்கிறது. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுத் தடையோடு அது சேர்கையில் பின்னூட்டம் காலந்தாழ்கிறது. மின்னோட்ட மூலம் அலைவியாகிவிடுகிறது. கேட்டுக்கு முன் 100 ஓம், உணர்தடையிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு 10 கிலோ ஓம், அவ்வுள்ளீட்டுக்கும் ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் இடையே 1 நானோஃபாரட். எல்லாம் சேர்ந்து சில ரூபாய்தான். மேலும், எல்எம் 358க்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் வெளியீடு ஏறத்தாழ 3.5 வோல்ட்டோடு நின்றுவிடும். திறக்கத் தொடங்கவே 4 வோல்ட் வரை கேட்கக்கூடிய மாஸ்ஃபெட்டை நொந்து என்ன பயன்?

உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் நடத்திய ஊர் இது. இங்கே இயற்பியல் ஆய்வாளர்கள் கேட் முனையை அளக்கத் தயங்குகிறோம்! அலைவுறும் மூலத்தைக் கொண்டு நான்முனை முறையில் எடுத்த மின்தடைமை ஆய்வேட்டில் ஏறினால் பொறுப்பு யாருடையது? வரைபடம் கேட்கும் நெறியாளர்கள் மூலத்தின் அலைவுகாட்டிப் படத்தையும் கேட்கட்டும்.