மாத்திரையை நிறுத்தியது யார்?

காசநோய்க்கு மருந்து உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணக் காசநோய் என்றால், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இருந்தும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே கிருமி சாகவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியாக அது திரும்பி வரக்கூடும்.

இதைத் தடுக்க, மனிதனுடைய பழக்கவழக்கங்களை ஆராயும் விஞ்ஞானத்தின் துணையை இன்று நாடுகிறார்கள். மாத்திரை அட்டைக்குள் தொலைபேசி எண்ணை மறைத்து வைத்தார்கள். மாத்திரையை எடுத்தால்தான் எண் தெரியும், அதைக் கூப்பிட்டால் அன்றைய மருந்து பதிவாகும். செல்போனில் நினைவூட்டும் செய்தியும் அனுப்புகிறார்கள். நல்லது. மறதி எல்லோருக்கும் உண்டு. இதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் நாம் கேட்கிறோம்: மாத்திரையை விட்டவர் மறந்துதான் விட்டாரா?

இரவு ஷிப்டு முடித்து வரும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு, ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரம்தான் தூங்கும் நேரம். நடவுக்குப் போகும் பெண் மருந்து வாங்கப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. இவர்களைப் பார்த்து "படிப்பில்லாதவர்கள், பொறுப்பில்லாதவர்கள்" என்று சொல்வது சுலபம். அது உண்மையல்ல.

இதற்குச் சென்னையே சாட்சி. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வீட்டில் வைத்தே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, குறைந்த சாப்பாடு. ஆனாலும் அவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. சானடோரியத்தில் 92 சதவீதம். வித்தியாசம் சொற்பமே. காரணம் என்ன? ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். மருந்து சாப்பிடுகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஏழையின் வாசலுக்கு ஏற்பாடு வந்தது, பழக்கமும் வந்தது.

பழக்கம் என்பது மனத்தில் மட்டும் முளைப்பதல்ல. கூலியும் நேரமும் சோறும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன.

சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்த மத்திய சர்க்கார், 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் சிகிச்சை நடக்கும்போதே கைக்கு வரவேண்டும். முடிந்த பிறகு வந்து என்ன பயன்? இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 சதவீதச் சம்பளத்துடன் நீண்டகால நோய்க்காலப் பலன் உண்டு. வயலில் உழைப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய நுரையீரல் வேறு நுரையீரலா?

விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும். ஆலைப் பகுதிகளில் மாலையிலும் மருந்து வழங்கவேண்டும். இவற்றுக்காக நாம் போராட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது, தோழர்களே. உங்கள் தெருவில் மருந்து சாப்பிடுபவர் யாராவது இருந்தால் ஒதுக்காதீர்கள். தினமும் போய் "மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். அவர் வரமுடியாத நாளில் ஆஸ்பத்திரியில் கேட்டு மருந்தை வாங்கி வந்து கொடுங்கள். இருமல் நின்றாலும், டாக்டர் சொல்லும் வரை நிறுத்த விடாதீர்கள்.