கவர்னருக்கு யார் வோட்டு?

"கவர்னரை ஏன் நாம் தேர்ந்தெடுப்பதில்லை?" என்று கேட்டார், வேலம்பாளையத்துப் பனியன் தொழிலாளி ஒருவர். கேள்வி நியாயமானதே.

அமெரிக்க ராஜ்யங்களில் கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1839-ம் வருஷம் மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் விழுந்த வோட்டுகள் 1,02,066. ஜயிப்பதற்குப் பாதிக்கு மேல் வேண்டும். மார்க்கஸ் மார்ட்டனுக்குக் கிடைத்தவை 51,034. அவற்றுள் ஒன்றே ஒன்று எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், முடிவு சட்டசபையின் கைக்குப் போயிருக்கும். பதவியிலிருந்த எட்வர்ட் எவரெட் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார்.

நமது அரசியல் நிர்ணய சபையும் 1947-ல், வயது வந்தோர் வோட்டினால் கவர்னரைத் தேர்ந்தெடுப்பதென்றே தீர்மானித்தது. 1949 மே மாதத்தில் அதை மாற்றி, ஜனாதிபதி நியமிப்பதென்று முடிவு செய்தது. காரணம் அற்பமானதன்று. அமெரிக்காவில் ராஜ்ய நிர்வாகத்துக்குக் கவர்னரே தலைவர். இங்கோ முதல் மந்திரி இருக்கிறார். இருவருமே ஜனங்களின் வோட்டைப் பெற்றவர்களானால், ஓர் உறையில் இரண்டு கத்தி வைத்த கதைதான்!

முடிவு சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. வோட்டுப் பெறாதவர், வோட்டுப் பெற்றவர்களின் வழியை மறிக்கலாகாது. மார்ட்டனைக் கவர்னராக்க ஒரு வோட்டு தேவைப்பட்டது. நம் கவர்னருக்கு வேலம்பாளையத்தார் ஒருவர்கூட வோட்டளிக்கவில்லை. இந்தக் கணக்கை அவரும் மறக்கலாகாது, நாமும் மறக்கலாகாது.