அஸ்திவாரத்துக்கு முன் ஓர் ஆய்வு

சீனாவின் ஷாங் அரசமரபு வெறும் கதையாக இருக்குமோ என்று அந்நாட்டு அறிஞர்களே ஒருகாலத்தில் ஐயப்பட்டார்கள். 1928இல் ஆன்யாங்கில் தொடங்கிய அகழாய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. எழுத்துப் பொறித்த எலும்புகளும் அரசக் கல்லறைகளும் மண்ணுக்கடியில் எஞ்சிக் கிடந்ததால்தான் அது முடிந்தது. நம் பக்கம் என்ன நிலை? சேலையூருக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது. அதே ஊரில் பெருங்கற்காலச் சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன. இன்று அந்த நிலத்தின் பெரும்பகுதி வீடுகளாகிவிட்டது.

ஆன்யாங் ஒரு தலைநகரம், பல்லாவரம் வெறும் இடுகாடு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தலைநகரம் இல்லைதான். ஆனால் எழுத்தில்லாத மக்களின் வாழ்வை அறிய அவர்களுடைய இடுகாட்டைவிட நல்ல சான்று ஏது? மக்களுக்கு வீடு வேண்டாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. வேண்டும். கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய கட்டுமானங்களுக்கு முன் தொல்லியல் ஆய்வு நடத்தச் சீனச் சட்டம் சொல்கிறது. பல்லாவரமும் அடங்கிய தாம்பரம் மாநகராட்சி எல்லையிலும் பெரிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருமுன் தொல்லியல் துறையின் கள ஆய்வை அரசு கட்டாயமாக்க வேண்டும்.