வளையல் ஏறாத கை

என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நோய் போச்சு, கை வீக்கம் போகலை. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் இடது கை தூண் மாதிரி ஆகிவிட்டது. வளையல் ஏறாது, குடம் தூக்க முடியாது. கல்யாண வீட்டில் முந்தானையால் கையை மூடிக்கொண்டுதான் உட்காருவாள். "உயிர் தப்பிச்சதே பெரிசு, கையைப் பத்திப் பேசாதே" என்று பெற்ற தாயே சொல்கிறார்.

எடுத்த நெறிக்கட்டி ஒன்றில்கூட நோய் இல்லை என்று பிறகுதான் ரிப்போர்ட் வந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மார்பகத்திலிருந்து நோய் பரவினால், பெரும்பாலும் முதலில் ஒன்றிரண்டு நெறிக்கட்டிக்குத்தான் போகுமாம். வீட்டுக்கு வாசற்படி மாதிரி. அதை மட்டும் எடுத்துச் சோதித்து, சுத்தமாக இருந்தால் மற்றதை விட்டுவிடலாம். எது வாசற்படி என்று கண்டுபிடிக்க நீலச் சாயமோ, டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தோ ஊசியில் போடுகிறார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதி வீரியம் இழந்துவிடும். அதற்கென்று தனிப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும்.

இப்போது இரும்புத் துகள் ஊசி வந்திருக்கிறது. 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சுமார் 60 பங்குதான் ஒரு துகள்! அது வாசற்படிக் கட்டியில் போய்த் தங்கும். காந்தக் கருவியை வைத்தால் காட்டிக்கொடுக்கும். கதிரியக்கம் கிடையாது. சில நாள் முன்னாடியே போட்டுக்கொள்ளலாம். குறையும் உண்டு: ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் இருக்கலாம், பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் மறைக்கலாம். புற்றுநோய் செல்லையே தேடி ஒட்டும் துகளுக்கு இப்போதுதான் ஆராய்ச்சி நடக்கிறது.

1823-லேயே மருத்துவப் பள்ளி கண்ட ஊர் நம் புதுச்சேரி. இங்கே ஜிப்மரில் புற்றுநோய்க்கென்றே மண்டல மையம் இருக்கிறது. கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள். இந்த மாதிரி வசதி காசுள்ளவர்களோடு நின்றுவிடாமல், எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

சகோதரிகளே, அக்குளில் ஏற்கெனவே நோய் பரவியிருந்தால் முழுசாக எடுக்க வேண்டி வரலாம், அது வேறு விஷயம். ஆனால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போது, "எல்லாத்தையும் எடுக்கணுமா, முதல் கட்டியைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.